குறைகார்பன் கண்ணாடி: எதைக் குறைக்கிறது, எதைக் குறைப்பதில்லை

கட்டட விளம்பரங்களில் இப்போது மூன்று வகைக் கண்ணாடிகள் அடிபடுகின்றன: லோ-இ, லோ அயர்ன், லோ கார்பன். மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டே பலர் பேசுகிறார்கள். "லோ கார்பன் கண்ணாடி போட்டிருக்கிறோம், ஏசி செலவு பாதியாகிவிடும்" என்று ஒரு விற்பனையாளர் சொல்ல, வீடு வாங்க வந்தவர்கள் தலையாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கே வித்தியாசம் தெரியாது.

லோ அயர்ன் என்பது மணலில் உள்ள இரும்புச்சத்தைக் குறைத்துச் செய்யும் பளிச்சென்ற கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் பச்சை நிறம் இதில் இருக்காது. நகைக்கடை ஷோகேஸுக்கு நன்றாக இருக்கும். சுற்றுச்சூழலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதை இத்தோடு விட்டுவிடலாம். குழப்பமெல்லாம் மற்ற இரண்டில்தான்.

விலை ஒன்று, கரண்ட் பில் வேறு

ஒரு ஃபிரிட்ஜ் வாங்குகிறீர்கள். கடையில் ஒரு விலை கொடுக்கிறீர்கள். அதன்பின் பத்துப் பதினைந்து வருடம் அதற்குக் கரண்ட் பில் கட்டுகிறீர்கள். விலை குறைவாக இருப்பதால் பில்லும் குறைவாக வரும் என்று யாரும் நினைப்பதில்லை. கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிள் பில்லைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது.

கட்டடக் கண்ணாடியின் கார்பன் கணக்கும் இதே மாதிரி இரண்டு வரி கொண்டது. மணலைத் தோண்டுவது, உலையில் உருக்குவது, தகடாக்குவது என்று கண்ணாடி ஆலை வாசலைத் தாண்டும்வரை காற்றில் கலந்த கார்பன் டை ஆக்சைடு முதல் வரி. இதை உள்ளடங்கிய கார்பன் என்கிறார்கள். கொடுத்தாகிவிட்ட விலை இது. திரும்ப வராது. கட்டடத்தில் பொருத்தியபின், அந்தக் கண்ணாடி வழியாக வரும் வெயிலைச் சமாளிக்க ஏசி இழுக்கும் மின்சாரம் இரண்டாவது வரி. இது இயக்கக் கார்பன். மாதாமாதம் வரும் பில்.

லோ கார்பன் கண்ணாடி முதல் வரியை மட்டும் குறைக்கிறது. லோ-இ கண்ணாடி இரண்டாவது வரியைக் குறைக்கிறது. அதன்மேல் நானோமீட்டர் கணக்கில் பூசப்பட்ட வெள்ளிப் படலம் வெளிச்சத்தை உள்ளே விட்டு, வெப்பக் கதிர்களில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. எந்தப் பூச்சும் இல்லாத லோ கார்பன் கண்ணாடியையும் அதே தடிமன் உள்ள சாதாரணக் கண்ணாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பிரித்தறிய முடியாது. வெயிலாலும் முடியாது. இரண்டும் ஒரே அளவு சூட்டைத்தான் உள்ளே விடும்.

சுருக்கமாக: லோ கார்பன் என்பது கண்ணாடி பிறந்த கதை. அது உங்கள் அறையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றி அந்தப் பெயர் ஒன்றும் சொல்வதில்லை.

உலைக்குள் என்ன நடக்கிறது

கண்ணாடி என்றால் உருக்கிய மணல். ஆனால் வெறும் சிலிக்கா மணலை உருக்க 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். அவ்வளவு சூடு கட்டுப்படியாகாது. அதனால் சோடா ஆஷ் என்கிற சோடியம் கார்பனேட்டைச் சேர்க்கிறார்கள். மணல் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே இளக ஆரம்பிக்கும். அத்தோடு நிறுத்தினால் கிடைப்பது தண்ணீரில் கரையும் கண்ணாடி. முதல் மழைக்கே ஜன்னல் வழிந்துபோகும். அதைத் தடுக்கச் சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும் சேர்கின்றன. இந்தக் கலவை உலையில் 1,500 முதல் 1,600 டிகிரியில் உருகுகிறது.

உருகிய குழம்பு அப்படியே உருகிய வெள்ளீயம் நிரம்பிய நீண்ட தொட்டியின் மேல் போய்ப் பரவுகிறது. வெள்ளீயம் கண்ணாடியைவிட அடர்த்தி அதிகம், எனவே கண்ணாடி மிதக்கிறது. மிதந்தபடி ஆறி, இரண்டு பக்கமும் மழமழவென்ற தகடாக மறுமுனையில் வருகிறது. இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸ் நகரில் அலஸ்டர் பில்கிங்டன் 1950-களில் உருவாக்கிய முறை இது. இன்று உலகில் பெரும்பாலான ஜன்னல் கண்ணாடிகள் இப்படித்தான் பிறக்கின்றன. ஃப்ளோட் கிளாஸ் என்ற பெயரும் இந்த மிதப்பிலிருந்து வந்ததுதான்.

இதில் கார்பன் இரண்டு வழியாக வெளியேறுகிறது. ஒன்று எல்லோரும் ஊகிப்பது: உலையை எரிக்கும் எரிவாயு அல்லது ஃபர்னஸ் ஆயில். மொத்தத்தில் பெரும்பகுதி இதுதான்.

இன்னொன்று பலரும் மறப்பது. சோடா ஆஷும் சுண்ணாம்புக்கல்லும் கார்பனேட்டுகள். சூடேறும்போது அவையே உடைந்து, தங்களுக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகின்றன. 100 கிலோ சுண்ணாம்புக்கல்லில் 44 கிலோ இப்படி வாயுவாகப் போய்விடும். ஒரு கிலோ கண்ணாடி செய்யச் சுமார் 1.2 கிலோ மூலப்பொருள் போட வேண்டியிருப்பது இதனால்தான். காணாமல்போகும் அந்த 200 கிராம் அநேகமாக முழுவதும் கார்பன் டை ஆக்சைடு. உலையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்த 200 கிராம் அப்படியே வெளியேறும். சிமெண்டுக்கும் இதே பிரச்சினைதான்.

உலையைப் பற்றி இன்னொன்று. அதை ராத்திரி அணைத்துவிட்டுக் காலையில் மூட்ட முடியாது. ஒருமுறை மூட்டினால் பதினைந்து வருடத்துக்கு மேல் இடைவிடாமல் எரியும். அணைந்தால் உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான டன் குழம்பு கல்லாகிவிடும். ஆகவே கண்ணாடித் தொழிலில் "அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்று எரிவாயுவை நம்பிக் கட்டும் உலை 2040-ஐயும் எரிவாயுவோடுதான் பார்க்கும்.

கார்பனைக் குறைக்கும் வழிகள்

முதல் வழி உடைகண்ணாடி. ஆலையில் கல்லட் என்பார்கள். ஏற்கெனவே ஒருமுறை உருகிய கண்ணாடி தன் கார்பன் டை ஆக்சைடை அப்போதே விட்டுவிட்டது. மறுபடி உருக்கும்போது விட ஒன்றும் மிச்சமில்லை. மணலைவிடச் சீக்கிரம் இளகவும் செய்யும். கலவையில் ஒவ்வொரு 10 சதவீதம் உடைகண்ணாடிக்கும் உலையின் எரிபொருள் சுமார் இரண்டரை முதல் மூன்று சதவீதம் மிச்சமாகும் என்பது தொழிலில் எல்லோரும் கையாளும் கணக்கு. எரிபொருள் கார்பன், கல்லிலிருந்து வரும் கார்பன் இரண்டையும் ஒரே கையால் குறைக்கும் வழி இது ஒன்றுதான்.

இரண்டாவது, எரிபொருளை மாற்றுவது. இதில் இன்னும் சோதனைகள்தான் நடக்கின்றன. செயின்ட் ஹெலன்ஸில் 2021-ல் ஹைட்ரஜனை எரித்துப் பார்த்தார்கள். 2022-ல் அதே ஊரில் உயிர்க்கழிவிலிருந்து வந்த எரிபொருளை முயன்றார்கள். ஜெர்மனியின் ஹெர்சோகன்ராத் ஆலையில் 2023-ல் எரிபொருளில் 30 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் கலந்து தகடு எடுத்தார்கள். உலையை மின்சாரத்தில் ஓட்டலாமே என்று தோன்றும். சிறிய உலைகளில் அது நடக்கிறது. நாளுக்கு 500 டன்னுக்கு மேல் கண்ணாடி உருக்கும் ஃப்ளோட் உலையை முழுக்க மின்சாரத்தில் ஓட்டுவது இன்னும் கைகூடவில்லை. செக் நாட்டில் செயின்ட் கோபைன், ஏஜிசி என்ற இரண்டு பெரிய கண்ணாடி நிறுவனங்களும் சேர்ந்து பாதி மின்சாரம், பாதி ஆக்சிஜனும் எரிவாயுவுமாக ஓடும் உலையை முயல்வது இந்தத் தடையைத் தாண்டத்தான்.

மூன்றாவது, ஆலை வாங்கும் மின்சாரத்தைக் காற்றாலை, சூரியசக்தி என்று மாற்றிக்கொள்வது. எளிது, ஆனால் பலன் சிறிது. ஃப்ளோட் ஆலையின் சுமை உலை எரிபொருளில்தான் இருக்கிறது.

மூன்றையும் முழுமையாகச் சேர்த்தால் எதுவரை போகலாம் என்பதற்கு ஓர் எல்லைக்கல் உண்டு. 2022 மே மாதம் பிரான்ஸின் அனீஷ் ஆலையில் செயின்ட் கோபைன் ஒரு வாரம் முழுக்க உடைகண்ணாடியையே போட்டு, சாணஎரிவாயு வகையைச் சேர்ந்த பயோகேஸும் கார்பனற்ற மின்சாரமும் மட்டும் பயன்படுத்தித் தகடு எடுத்தது. உலையிலிருந்தும் மின்சாரத்திலிருந்தும் வரும் கார்பன் பூஜ்யம் என்று அறிவித்தார்கள். சாதனைதான். ஆனால் ஒரு வாரம். இரண்டாவது வாரத்துக்கு அவ்வளவு நல்ல உடைகண்ணாடிக்கு எங்கே போவது?

கடையில் விற்பனைக்கு வருவது இதன் நடுப்பாதை. அதே ஆண்டு அந்த நிறுவனம் ஓரே என்ற பெயரில் ஐரோப்பாவில் இறக்கிய கண்ணாடியில் சுமார் 64 சதவீதம் உடைகண்ணாடி. 4 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அவர்களுடைய சாதாரணத் தகட்டைவிட 40 சதவீதத்துக்குச் சற்று அதிகமாகக் குறைவு. ஏஜிசி, பில்கிங்டன் நிறுவனங்களும் இதே அளவை ஒட்டிய கண்ணாடிகளைக் கொண்டுவந்தன. ஸ்ரீபெரும்புதூரில் 2000-ம் ஆண்டிலிருந்து கண்ணாடி செய்துவரும் செயின்ட் கோபைன், இந்தியாவிலும் சுமார் 40 சதவீதக் குறைப்பு என்று சொல்லி லோ கார்பன் கண்ணாடி விற்கிறது.

இதுவரை: சாதாரணக் கண்ணாடி கிலோவுக்கு 1.2 கிலோ கார்பன், குறைகார்பன் கண்ணாடி 0.7 கிலோ என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். வித்தியாசத்தில் பெரும்பங்கு உடைகண்ணாடியின் புண்ணியம்.

உடைகண்ணாடிக்கு ஏன் இவ்வளவு தட்டுப்பாடு

ஊரெல்லாம் பாட்டில் குப்பை, அதை எடுத்து ஜன்னலாக்கக்கூடாதா? இந்தக் கேள்வி தவறாமல் வரும். ஆக்க முடியாது. பாட்டிலின் கலவை வேறு, நிறம் வேறு. பழுப்பு பீர் பாட்டில் சில கலந்தாலே தகடு முழுவதும் நிறம் ஏறிவிடும். போக்குவரத்து ஒருவழிப் பாதை: பழைய ஜன்னல் கண்ணாடி பாட்டிலாகலாம், கண்ணாடிப் பஞ்சாகலாம். பாட்டில் ஜன்னலாகாது.

சரி, பழைய ஜன்னல் புது ஜன்னலாகலாமே? ஆகலாம், சுத்தமாக வந்தால். இடிக்கும் கட்டடத்தில் கண்ணாடியைத் தனியாகக் கழற்றி எடுப்பவர்கள் அபூர்வம். செங்கல், சிமெண்ட் சில்லு, டைல்ஸ் எல்லாவற்றோடும் அதுவும் லாரியில் ஏறி, பள்ளம் நிரப்பப் போய்விடுகிறது. அந்தக் குவியலிலிருந்து பொறுக்கினால் ஒரு சின்னப் பீங்கான் துண்டு போதும்: உலையில் உருகாமல் தகட்டுக்குள் கல்லாக மாட்டிக்கொள்ளும். இதைவிட மோசம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துகள். அதிலுள்ள நிக்கல் உலையில் கந்தகத்தோடு சேர்ந்து நிக்கல் சல்ஃபைடு மணியாகும். கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. அந்தத் தகட்டை டஃபன் செய்து, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியேற்றி, பத்தாவது மாடியில் மாட்டியபின், மாதங்களோ வருடங்களோ கழித்து மணி மெல்லப் பருத்து, யாரும் தொடாமலே கண்ணாடி பொலபொலவென்று உதிரும். உடைகண்ணாடி வாங்கும் ஆலைக்காரர்கள் கெடுபிடி காட்டுவது வீம்புக்காக அல்ல.

லேமினேட் கண்ணாடியில் நடுவில் பிளாஸ்டிக் தாள், இரண்டு கண்ணாடியை இடைவெளி விட்டு இணைத்த டபுள் கிளேஸிங்கில் அலுமினியச் சட்டமும் பசையும். பிரித்தெடுக்க எந்திரமும் கூலியும் வேண்டும்.

ஆக, இப்போது ஆலைக்குத் திரும்பும் சுத்தமான உடைகண்ணாடியில் பெரும்பகுதி வெட்டும் பட்டறைகளில் மிஞ்சும் துண்டுகள். இங்கேதான் நான் கொஞ்சம் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறேன். ஒரு நிறுவனத்துக்குக் கிடைக்கும் உடைகண்ணாடியின் அளவு மாறாமல், அதை எல்லாம் "லோ கார்பன்" என்று பெயரிட்ட தகட்டுக்கே திருப்பிவிட்டால், மற்ற தகடுகளுக்கு அது குறையும். ஒரு பொருளின் கணக்கு அழகாகும். வானத்துக்குப் போகும் கார்பன் அப்படியே இருக்கும். புதிதாக உடைகண்ணாடி சேகரிக்க ஏற்பாடு செய்பவர்களைத்தான் இதில் நம்பலாம்.

மேற்கு பார்த்த சுவரில் ஒரு கணக்கு

சென்னையில் ஓர் அலுவலகக் கட்டடம். மேற்குச் சுவரில் டபுள் கிளேஸிங், 6 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு. ஒரு சதுர மீட்டரில் 30 கிலோ கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி என்றால் 36 கிலோ கார்பன், குறைகார்பன் என்றால் 21. மிச்சம் 15 கிலோ.

இப்போது வெயில். கண்ணாடிமேல் விழும் சூரிய வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பதைக் காட்டும் எண்ணை எஸ்எச்ஜிசி என்பார்கள். பூச்சில்லாத டபுள் கிளேஸிங்கில் அது சுமார் 0.7. அதாவது பத்தில் ஏழு பங்கு வெயில் உள்ளே வரும். வெயிலைத் தடுக்கும் நல்ல பூச்சு இருந்தால் 0.27. வணிகக் கட்டடங்களுக்கான இந்திய ஆற்றல் விதித்தொகுப்பு, 2017-ம் ஆண்டுப் பதிப்பில், சென்னை மாதிரி புழுக்கமான ஊர்களில் வடக்கு தவிர்த்த திசைகளுக்கு வைத்த உச்சவரம்பும் இதே 0.27தான்.

மாலை நான்கு மணி நேரம், சதுர மீட்டருக்கு 500 வாட் வெயில் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கண்ணாடிக்கும் உள்ள வித்தியாசம் 0.43 பங்கு. ஒரு நாளில் கூடுதலாக உள்ளே வரும் வெப்பம் சுமார் 0.86 யூனிட். ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பத்தை ஏசி வெளியேற்றும் என்றால், கூடுதல் மின்செலவு 0.29 யூனிட். நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன். ஆக ஒரு நாளைக்கு 0.2 கிலோ.

15 கிலோவை 0.2-ஆல் வகுத்தால் 75. பூச்சில்லாத குறைகார்பன் கண்ணாடியை மேற்குச் சுவரில் மாட்டினால், அது மிச்சப்படுத்தியதெல்லாம் எழுபத்தைந்து வெயில் நாளில் ஏசி வழியாகத் தீர்ந்துவிடும். எண்களைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தாலும் மாதக்கணக்கு வருடக்கணக்காகாது.

குறைகார்பன் கண்ணாடி வீண் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அதே தகட்டின்மேல் லோ-இ பூச்சைப் பூசலாம். இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன. இன்னொரு பக்கமும் இருக்கிறது: காற்றாலையும் சூரியசக்தியும் பெருகப் பெருக மின்சாரத்தின் கார்பன் வருடா வருடம் இறங்கும், மாதப் பில் சின்னதாகும். உலையில் வெளியேறிய கார்பனோ முதல் நாளே முழுசாகக் கணக்கில் ஏறிவிட்டது. ஆகவே முதலில் ஜன்னலின் அளவையும் திசையையும் நிழலையும் பார்ப்பது, அடுத்து பூச்சு, அதன்பின் குறைகார்பன் தகடு என்ற வரிசையில் போனால் எதுவும் வீணாகாது. வரிசையைத் தலைகீழாக்கி, நான்கு பக்கமும் கண்ணாடி போர்த்திய கோபுரத்துக்குக் குறைகார்பன் கண்ணாடி மாட்டிப் பசுமைக் கட்டடம் என்று பலகை வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

காகிதத்தில் எதைப் பார்ப்பது

நல்ல நிறுவனங்கள் தங்கள் கண்ணாடிக்கு இபிடி என்ற அறிக்கை தருகின்றன. பொருளின் சுற்றுச்சூழல் தாக்கத்தை அளந்து, வெளியார் ஒருவர் சரிபார்த்த தாள். பலர் இதையே பசுமைச் சான்றிதழாக நினைக்கிறார்கள். அப்படியில்லை. மிக மோசமான கண்ணாடிக்கும் இபிடி வாங்கலாம். மோசம் என்று அதில் எண்ணாக இருக்கும், அவ்வளவுதான்.

அதில் ஏ1 முதல் ஏ3 வரை என்ற கட்டத்தைத் தேடுங்கள். மூலப்பொருளிலிருந்து ஆலை வாசல் வரையான கார்பன் அங்கே இருக்கும். எந்தத் தடிமனுக்கு என்று பார்ப்பது அவசியம்: 4 மில்லிமீட்டரின் எண்ணையும் 6 மில்லிமீட்டரின் எண்ணையும் ஒப்பிட்டு ஏமாந்தவர்கள் உண்டு. ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குச் சதுர மீட்டரில் இரண்டரை கிலோ கண்ணாடி; அதை வைத்துக் கிலோவுக்கு எவ்வளவு என்று மாற்றிவிட்டால் குழப்பமில்லை. அந்த எண் வெறும் தகட்டுக்கா, டஃபன் செய்து டபுள் கிளேஸிங்காக முடித்ததற்கா என்றும் கேளுங்கள். டஃபன் செய்ய மறுபடி 600 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும், அந்தக் கார்பன் வெறும் தகட்டின் தாளில் இருக்காது.

"இத்தனை சதவீதம் மறுசுழற்சி" என்ற வரிக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. தன் உலைக்கடியில் உடைந்ததைத் தானே மறுபடி போட்டுக்கொள்வதை ஐஎஸ்ஓ 14021 தரவிதி மறுசுழற்சியாக ஏற்பதில்லை. எல்லா ஆலையும் காலங்காலமாகச் செய்வதுதான் அது. வெளியிலிருந்து வந்தது எவ்வளவு என்று கேளுங்கள்.

உருக்காமலே பயன்படுத்துவது, வீடு கட்டுபவர்கள்

கார்பன் மிகக் குறைந்த கண்ணாடி, மறுபடி உருக்கப்படாத கண்ணாடிதான். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை 2010-ல் புதுப்பித்தபோது அங்கிருந்த 6,514 ஜன்னல்களைத் தூக்கி எறியவில்லை. கட்டடத்துக்குள்ளேயே ஒரு தளத்தில் பட்டறை போட்டு, ஜன்னல்களைக் கழற்றி, இரண்டு கண்ணாடிக்கு நடுவே வெப்பத்தைத் திருப்பும் படலத்தை இழுத்துக் கட்டி, வாயு நிரப்பி, மறுபடி மாட்டினார்கள். பழைய கண்ணாடியிலும் சட்டத்திலும் 96 சதவீதம் திரும்ப ஏறியது.

தனி வீடு கட்டுபவருக்கு என் கணக்கு வேறு. ஆயிரம் சதுர அடி வீட்டில் ஜன்னல் கண்ணாடி ஒரு பத்துச் சதுர மீட்டர், 5 மில்லிமீட்டர் தடிமன் என்றால் 125 கிலோ. குறைகார்பன் கண்ணாடி தேடி அலைந்து வாங்கினால் சுமார் 60 கிலோ கார்பன் மிச்சம். அது ஏறக்குறைய இரண்டு மூட்டை பிபிசி எனும் சாம்பல் கலந்த சிமெண்டின் கார்பன். அந்த வீட்டுக்கு இறங்குவதோ நானூறு மூட்டை. தூண், தளம் வடிவமைப்பைப் பொறியாளரோடு உட்கார்ந்து பார்த்துப் பத்து மூட்டை குறைத்தால் அதில் ஐந்து மடங்கு கிடைக்கும். மேற்கு ஜன்னலுக்கு மேலே இரண்டடி சன்ஷேடு போதாது, மாலை வெயில் சாய்வாகத்தான் வரும். வெளிப்பக்கம் மூங்கில் தட்டியோ மரமோ வேண்டும். பத்தாயிரம் சதுர மீட்டர் டபுள் கிளேஸிங் போடும் கட்டடத்தின் கதை வேறு: அங்கே மிச்சம் 150 டன். குறைகார்பன் கண்ணாடி கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.